காவல் நாயின் அறிவு

1

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில், நகரத்தின் காவலர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்ற பேச்சு வருகிறது. சாக்ரடீஸ் நாயை உதாரணம் காட்டுகிறார். நல்ல ஜாதி நாய் தெரிந்தவர்களிடம் சாதுவாகவும் தெரியாதவர்களிடம் மூர்க்கமாகவும் நடந்துகொள்கிறது. தெரியாதவன் அதற்கு ஒரு கெடுதலும் செய்திருக்கவேண்டியதில்லை. தெரிந்தவன் ஒரு நன்மையும் செய்திருக்கவேண்டியதில்லை. தெரியும், தெரியாது என்ற ஒன்றே அதன் அளவுகோல். அறிவைக் கொண்டு நண்பனையும் பகைவனையும் பிரிக்கும் பிராணி ஆகையால் நாயும் ஒரு தத்துவவாதிதான் என்கிறார் சாக்ரடீஸ், பாதி விளையாட்டாக. காவலனிடம் இருக்கவேண்டிய அந்த மனவீறுக்குக் கிரேக்கத்தில் ‘தூமோஸ்’ என்று பெயர்.

மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. பெயர் ‘தைம்’ என்ற செடியிலிருந்து வந்தது என்பாரும், தூமோஸிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. டி செல் என்பதில் உள்ள ‘டி’ இந்தத் தைமஸின் முதலெழுத்துத்தான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தைமஸில் தேர்வு பெற்று, ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றிவரும் வெள்ளை அணுக்களில் ஒருவகை அது. பள்ளிப் பாடப் புத்தகத்திலும் ஆஸ்பத்திரிச் சுவரொட்டியிலும் நாம் அதைப் பார்ப்பது சிப்பாயாக. எதிரியைக் கண்டுபிடித்துச் சுட்டுத்தள்ளும் போர்வீரனாக. பிளேட்டோவின் நாய் இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்குப் பிறகு நம் உடம்புக்குள் புகுந்துகொண்டுவிட்டது.

இந்த உருவகத்தை விஞ்ஞானத்துக்கு எதிராக வைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. உருவகம் இல்லாமல் விஞ்ஞானமும் நடக்காது. ஆனால் உருவகங்களைச் சோதித்துப் பார்ப்பது நம் தொழில். கவிதையில் ஒரு படிமம் பொய்யாகிற இடத்தைக் காட்டத் தெரிந்தவர்கள், மனித உடம்பைப் பற்றிய ஒரு படிமம் பொய்யாகிற இடத்தையும் பார்க்கவேண்டும். ஏனென்றால் இந்தப் படிமம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடுவதில்லை. ஒரு கூட்டத்தைப் ‘புறப்பொருள்’ என்றும் ‘ஒட்டுண்ணி’ என்றும் அழைத்தவர்கள் எங்கிருந்து அந்தச் சொற்களை எடுத்தார்கள் என்பதும், அந்தச் சொற்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் 1940களின் ஐரோப்பாவைத் தெரிந்த எவருக்கும் தெரியும்.

2

முதலில் சொல். ‘இம்யூனிட்டி’ என்பது ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தது. வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவன் ‘இம்யூனிஸ்’. நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ என்ற சொல் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியம் அந்தச் சொல்லை உறுதியாகத் தனதாக்கிக் கொண்டபோது, விலக்கு என்ற பொருள் மங்கிப் பாதுகாப்பு என்ற பொருள் தூக்கலாயிற்று. தமிழில் நாம் ‘நோய் எதிர்ப்பு’ என்றோம். வரிவிலக்கு முற்றாக மறைந்து யுத்தம் மட்டும் மிஞ்சியது.

அடுத்து ‘தான்’ என்ற சொல். ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னருடன் சேர்ந்து 1949இல் எழுதிய நூலில், உடம்பு தன்னையும் பிறிதையும் எப்படிப் பிரித்தறிகிறது என்ற கேள்வியை மையத்தில் வைத்தார். அதற்கு முன் 1945இல் அமெரிக்காவில் ரே ஓவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். ஒரே கருப்பையில் ரத்தம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், ஒன்றின் ரத்த அணுக்களை இன்னொன்று பெரியதான பிறகும் விரட்டாமல் வைத்துக்கொண்டிருந்தன. 1953இல் லண்டனில் பீட்டர் மெடவாரும் அவருடைய சகாக்களும் இதைச் செய்தே காட்டினார்கள். பிறக்காத எலிக்குஞ்சுக்கு வேறு வம்ச எலியின் செல்களைச் செலுத்தினால், அது வளர்ந்தபின் அந்த வம்சத்தின் தோலை ஒட்டவைக்கும்போது ஏற்றுக்கொள்கிறது. பர்னெட்டும் மெடவாரும் 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பரிசோதனையின் தத்துவக் கனத்தை நாம் இன்னும் முழுதாக உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. ‘தான்’ என்பது பிறப்பிலேயே எழுதப்பட்ட சாசனம் என்றால், அந்த எலி அந்நியத் தோலை உதிர்த்திருக்கவேண்டும். உதிர்க்கவில்லை. எந்தக் கட்டத்தில் எதைச் சந்தித்தது என்பதைப் பொறுத்து அதன் ‘தான்’ அமைந்தது. ‘தான்’ ஒரு சரித்திரம்.

3

தைமஸுக்கு வருவோம். 1961 வரை அது வேலையில்லாத உறுப்பு, லிம்போசைட்டுகளின் இடுகாடு என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அந்த வருஷம் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் நோய்களைத் தாங்கமுடியாமல் போவதையும் அந்நியத் தோலை ஏற்றுக்கொள்வதையும் காட்டினார். மனித உடம்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை கண்டுபிடித்து முடித்துவிட்டதாக இருந்த நம்பிக்கையில், இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் விழுந்த ஓட்டை அது.

தைமஸில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கு வரும் ஒவ்வோர் இளம் செல்லும் தன் ஜீன் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்துத் தனக்கென்று ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. இது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் குலுக்கல். வெளியே என்ன கிருமி இருக்கிறது என்று எந்தச் செல்லுக்கும் தெரியாது. பிறகு இரண்டு பரீட்சைகள். முதலாவதில், தன் உடம்பின் எம்.எச்.சி. என்ற புரோட்டீனைச் சிறிதளவாவது பற்றிக்கொள்ள முடியாத ஏற்பியுள்ள செல் கவனிப்பாரற்று இறந்துபோகிறது. இரண்டாவதில், தன் உடம்பின் துணுக்குகளை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் செல் இறக்கும்படி ஆகிறது. உள்ளே வந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவைதான் வெளியே போகின்றன.

இரண்டாவது பரீட்சைக்காகத் தைமஸ் செய்யும் ஏற்பாடு ஆச்சரியமானது. கணையத்தில் மட்டும் இருக்கவேண்டிய இன்சுலின், கண்ணிலும் தைராய்டிலும் மட்டும் இருக்கவேண்டிய புரோட்டீன்கள் என்று உடம்பெங்கும் இருக்கும் பொருள்களின் மாதிரிகளை அங்குள்ள சில செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக் காட்டுகின்றன. இதைப் பெரும்பாலும் நடத்துவது ‘ஏர்’ என்ற ஜீன். 1997இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானால் பிற்பாடு உடம்பு தன் சுரப்பிகளையே ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்குகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். காவலனின் பயிற்சியில் எதிரியின் படம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. காட்டப்படுவதெல்லாம் ‘தான்’ மட்டுமே. இரண்டாவது, தேறுவது தன்னிடம் மிகுந்த பற்றுள்ளது இல்லை. அலட்சியமாக இருப்பதும் சாகிறது. வெறியோடு பற்றுவதும் சாகிறது. இடைப்பட்ட, தளர்ந்த ஓர் அறிமுகமே பிழைக்கிறது. பிளேட்டோவின் நாய் எஜமானன் மேல் கொண்ட விசுவாசத்துக்கு இங்கே இடமில்லை.

இதைப் ‘பள்ளிக்கூடம்’ என்று பாடப் புத்தகங்கள் எழுதுகின்றன. நூறு பேர் சேர்ந்து தொண்ணூற்றைந்து பேர் சாகிற பள்ளிக்கூடம் எந்த ஊரில் இருக்கிறது? செல்கள் நபர்கள் இல்லை. அவற்றுக்காகத் துக்கம் கொண்டாடவேண்டியதும் இல்லை. ஆனால் ‘கல்வி’ என்ற சொல்லை இங்கே போட்டுவிட்ட மனம், வேறோர் இடத்தில் கல்வியைப் பற்றி யோசிக்கும்போது வடிகட்டிக் கழிப்பதை இயற்கை என்று ஒப்புக்கொண்டுவிடும். உருவகம் இரண்டு திசையிலும் ஓடும் வண்டி.

4

1974இல் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் வெளியிட்ட முடிவு, காவல் நாய் உருவகத்துக்கு என் அபிப்பிராயத்தில் பலமான முதல் அடி. ஒரு வைரஸை எதிர்த்துத் தேர்ந்த எலியின் டி செல்களை, அதே வைரஸ் தொற்றிய வேறு வம்சத்து எலியின் செல்களோடு வைத்தார்கள். எதிரி அதே எதிரிதான். ஆனால் டி செல்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் உடம்பின் எம்.எச்.சி. மேல் ஏந்திக் காட்டப்பட்ட வைரஸ் துணுக்கை மட்டுமே அவை அறிந்தன. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதாவது டி செல் பிறிதை ஒருபோதும் தனியாகப் பார்ப்பதில்லை. தன்னுடைய கையில் ஏந்தப்பட்ட பிறிதைத்தான் பார்க்கிறது. ‘தான்’ ஒரு பக்கம், ‘பிறிது’ ஒரு பக்கம், நடுவே வேலி என்ற சித்திரம் இதோடு கலைகிறது. அறியப்படும் பொருள் எப்போதும் இரண்டின் கூட்டு.

நம் வட்டத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு சண்டையை இது நினைவூட்டுகிறது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அந்நியச் சொல்லைப் பிரித்து வெளியேற்றுவதில் மொழியின் ஆரோக்கியத்தைக் கண்டது. 1980களில் அமைப்பியல் தமிழுக்கு வந்தபோது ‘இறக்குமதி’ என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வந்த சரக்கு உயர்ந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இறக்குமதி என்று சொன்னவர்களும், அப்படியே இறக்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டவர்களும் ஒரே அனுமானத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்: அந்நியச் சிந்தனையை அந்நியமாகவே நேருக்கு நேர் பார்த்துவிட முடியும் என்று. வாசித்தவனுடைய பாஷை எதை ஏந்திக் காட்டுமோ அதைத்தான் அவன் பார்க்கிறான். நல்ல மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஆய்வுக்கூடம் போகாமலே தெரியும்.

5

காவலனைக் கட்டுப்படுத்துவது யார் என்ற பழைய கேள்விக்கு வருகிறேன். தைமஸின் பரீட்சை முழுமையானதல்ல. தன்னையே தாக்கக்கூடிய டி செல்கள் ஆரோக்கியமான ஒவ்வொருவர் ரத்தத்திலும் திரிந்துகொண்டிருக்கின்றன. நம்மில் யாரும் தூய்மையாக வடிகட்டப்பட்டவர்கள் இல்லை. பின் எப்படிப் பிழைத்திருக்கிறோம்?

1970களில் இதற்கு ‘அமுக்கும் டி செல்கள்’ என்ற ஒரு விடை பிரபலமாக இருந்தது. 1980களில் அதற்கான ஆதாரங்கள் சரிந்து, அந்தப் பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்றாயிற்று. ஜப்பானில் ஷிமோன் சாகாகுச்சி விடாமல் பிடித்துக்கொண்டிருந்து 1995இல் அப்படிப்பட்ட செல்களைத் திட்டமான அடையாளத்தோடு பிரித்துக் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தோல் செதிலாகி இளமையிலேயே சாகும் ஓர் எலி வம்சத்தில் பழுதான ஜீனைக் கண்டுபிடித்து, அதே ஜீன் பழுதான ஆண்குழந்தைகளுக்கு வரும் கொடிய நோயோடு இணைத்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்ற அந்த ஜீன்தான் அடக்கும் டி செல்களை அடக்கும் செல்களாக ஆக்குகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. 2025இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இதன் பொருள் என்ன? சகிப்பு என்பதை நாம் ஓர் இன்மையாக நினைத்துப் பழகியிருக்கிறோம். கோபம் வராமலிருந்தால் சகிப்பு. சண்டை நடக்காமலிருந்தால் சமாதானம். உடம்பில் அப்படி இல்லை. அங்கே சகிப்பு ஒரு வேலை. அதற்கென்று செல்கள் பிறந்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசுவிலும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. அவை நின்றால் சில வாரங்களில் அந்த எலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்களோடு நாம் வாழ்வதும் இந்த வேலையினால்தான். கர்ப்பத்தில், பாதி அந்நியமான ஒரு ஜீவனைத் தாயின் உடம்பு ஒன்பது மாதம் தாங்குவதிலும் இதற்குப் பங்குண்டு. பிரசவத்துக்குப் பின்னும் அந்த உறவு முற்றாக அறுவதில்லை. மகனைப் பெற்று 27 வருஷங்களுக்குப் பிறகும் ஒரு தாயின் ரத்தத்தில் அவனுடைய செல்கள் இருந்ததை 1996இல் அமெரிக்காவில் டயானா பியான்கியும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புற்று செல்லும் இந்தச் சகிப்பில் ஒளிந்துகொள்கிறது. ஜேம்ஸ் ஆலிசனும் தாசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றது டி செல்களின் மேலுள்ள பிரேக்கை விடுவித்துப் புற்றைத் தாக்கச் செய்யலாம் என்று காட்டியதற்காக. பிழைக்கமாட்டார்கள் என்றிருந்த பலர் பிழைத்தார்கள். சிலருக்கு விடுபட்ட செல்கள் குடலையும் தைராய்டையும் சேர்த்துத் தாக்கின. பிரேக்கை எடுத்த வண்டி, நாம் சுட்டிக்காட்டிய தெருவில் மட்டும் போவதில்லை.

பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லுக் நான்சிக்கு வேறொருவரின் இருதயம் பொருத்தப்பட்டது. அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க டி செல்களை ஒடுக்கவேண்டியிருந்தது. அந்த ஒடுக்கத்தின் விளைவாகப் பின்னர் புற்றும் வந்தது. 2000இல் அவர் எழுதிய ‘ஊடுருவி’ என்ற சிறு நூலில் ஒரு கேள்வி இறுகிக்கொண்டே போகிறது: யார் இங்கே ஊடுருவி? வந்த இருதயமா, தோற்றுப்போன பழைய இருதயமா, மருந்தா, புற்றா? ஊடுருவி தன்னைத் தவிர வேறில்லை என்ற இடத்துக்கு அவர் வந்துசேர்கிறார். இதைச் சொல்லலங்காரம் என்று ஒதுக்கமுடியாது. மருத்துவ அறிக்கையை அப்படியே படித்தாலும் அதுதான் தெரிகிறது.

6

நாய் மறுபடி வருகிறது, இம்முறை நிஜமாகவே. 1978இல் பாலி மாட்ஸிங்கர் ஒரு பரிசோதனைக் கட்டுரையை வெளியிட்டபோது, ‘நான்’ என்று தனியாக எழுத மனமில்லாமல், தன் ஆஃப்கன் நாயைச் சக ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். கலாட்ரியல் மிர்க்வுட் என்ற அந்தப் பெயர் பிரசித்தமான ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சேறியது. அதே மாட்ஸிங்கர் 1994இல் தான்-பிறிது என்ற கோட்பாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். உடம்பு ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை, ‘எங்கே காயம்?’ என்று கேட்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். டி செல்லுக்கு அந்நியத் துணுக்கு மட்டும் போதாது. திசுவில் ஏதோ சேதமாகிறது என்ற இரண்டாவது செய்தியும் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த டி செல் செயலிழந்துபோகும்.

இந்தக் கருத்து எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. விவாதம் முடியவும் இல்லை. ஆனாலும் கேள்வி மாறியது முக்கியம். பிளேட்டோவின் நாய் கெடுதல் செய்யாதவனையும் குரைத்தது. கெடுதல் நடந்ததா என்று முதலில் கேட்கும் காவல், வேறொரு வகை அறிவு.

7

இங்கே நிறுத்தி ஓர் ஆட்சேபத்தை நானே எழுப்பவேண்டும். இதுவரை சொன்னதிலிருந்து ஓர் அழகான உபதேசம் செய்வது சுலபம்: பாருங்கள், உடம்பே சகிப்பைப் போதிக்கிறது, அந்நியரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. இது எதிர்த்தரப்பு செய்த அதே தவறு. அவர்கள் டி செல்லிலிருந்து பகையை எடுத்தார்கள். நாம் அன்பை எடுக்கிறோம். டி செல் இரண்டையும் அறியாது. டெக்ஸாஸில் 1971இல் பிறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனுக்கு டி செல்கள் வேலை செய்யவில்லை. கிருமியில்லாத பிளாஸ்டிக் கூண்டில் வளர்ந்து, 1984இல், பன்னிரண்டு வயதில் இறந்தான். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் உடம்பின் கதை அது. இயற்கையை நம் கட்சிக்குச் சாட்சியாக அழைத்தால் எதிர்க்கட்சிக்கும் அது போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வரும். சூசன் சொன்டாக் 1978இல் நோயின் உருவகங்களைப் பற்றியும், 1989இல் எய்ட்ஸின் உருவகங்களைப் பற்றியும் எழுதியபோது வலியுறுத்தியது இதைத்தான்: நோயாளியின் மேல் நாம் ஏற்றிவைக்கும் கதைகளை இறக்கிவைக்கவேண்டும்.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? இரண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்று எதிர்மறையானது. தூய்மைக்கு உடம்பு சாட்சியில்லை. கலப்பில்லாத ‘தான்’ ஒன்று உடம்பில் இருக்கிறது, அதைக் காப்பதே உயிரின் விதி என்று பேசுகிறவர்களுக்கு, அப்படி ஒன்று அங்கே கிடையாது என்று நிச்சயமாகச் சொல்லலாம். இது சின்ன லாபம். ஆனால் திடமானது.

இரண்டாவதைச் சொல்ல ஒரு சம்பவம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தூக்கத்தில் திடீரென்று இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டு, அது மூச்சுக்குழாயை அமுக்கிக் கொன்றுவிட்டது என்று முடிவுசெய்தார்கள். பெரிது என்று எப்படித் தெரிந்தது? அறுவை மேஜைக்கு வழக்கமாக வந்த உடல்களோடு ஒப்பிட்டு. அந்த உடல்கள் யாருடையவை? ஏழைகளுடையவை, பசியிலும் நீண்ட நோயிலும் நைந்து செத்தவர்களுடையவை. வதைபடும் உடம்பில் தைமஸ் சுருங்கிவிடும். சுருங்கிய தைமஸ் அளவுகோலாயிற்று. ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் வியாதியாயிற்று. அதைச் சுருக்க அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ்-கதிர் பாய்ச்சினார்கள். நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் 1926 முதல் 1957 வரை அப்படிச் செய்யப்பட்ட குழந்தைகளைப் பின்னாளில் தொடர்ந்து கவனித்தபோது, தைராய்டுப் புற்று அவர்களிடம் அதிகமாக இருந்தது தெரிந்தது.

தைமஸுக்குள் நடக்கும் பரீட்சையில் தப்பு நேர்ந்தால் பொறுப்பேற்க யாரும் இல்லை. செல்லுக்கு மாதிரி காட்டப்படுகிறது, அது வாழ்கிறது அல்லது சாகிறது. எனக்குக் காட்டப்பட்ட மாதிரி சரியானதா என்று அது கேட்கமுடியாது. அந்த மருத்துவர்களால் கேட்டிருக்க முடியும். நம் முன் வைக்கப்பட்ட ‘சகஜம்’ யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பதற்கு வேண்டிய அறிவு அவர்களிடம் இருந்தது. ஏழைகளின் உடல் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. கேட்கவில்லை. அறநெறி என்று ஒன்று தொடங்குகிற இடம் இதுவென்று எனக்குப் படுகிறது. நம்முடையவன், அந்நியன், ஆரோக்கியம், வியாதி, இலக்கியம், குப்பை என்று நாம் தினமும் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறோம், பிரிக்காமல் இருக்கவும் முடியாது. பிரிக்கக் கற்றுக்கொண்டபோது நம் முன் வைக்கப்பட்ட மாதிரிகள் எவை, அவற்றை யார் வைத்தார்கள் என்று கேட்பதும் நம்மால் முடிகிற காரியம். டி செல்லால் முடியாதது அது ஒன்றுதான்.